பணிவிடை செய்வோரின் மனம்

மாற்றுத்திறனாளிகளின் நலனைக் குறித்து நம் நாட்டில் இப்போது முன்னைவிட அதிகமாகவே பேசப்படுகிறது. சட்டங்கள் இயற்றப்பட்டிருக்கின்றன, உதவித்தொகைகள் வழங்கப்படுகின்றன, பொதுக் கட்டடங்களில் சாய்தளங்கள் கட்டப்படுகின்றன. இந்தப் பேச்சிலெல்லாம் பெரும்பாலும் இருவரே இடம் பெறுகிறார்கள்: ஒருவர் மாற்றுத்திறனாளி, மற்றொருவர் அவரைப் பெற்றவர். இவ்விருவருக்கும் நடுவே, விடியற்காலையில் எழுந்து முகம் துடைத்துவிட்டு, உணவூட்டி, உடை மாற்றி, தூக்கி உட்கார வைத்து, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அது அடங்கும்வரை பக்கத்திலேயே காத்திருந்து, இரவில் எல்லோருக்கும் பிறகு விளக்கை அணைக்கிற மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வேலையைப் பற்றி அனைவருக்கும் அபிப்பிராயம் உண்டு; அவருடைய மனத்தைப் பற்றி விசாரிப்பவர் அரிது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர்; தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். இவர்களில் பலர் தம் காரியங்களைத் தாமே கவனித்துக்கொண்டு, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது பிறர் கைத்தாங்கல் அன்று, வழியில் தடையில்லாமை மட்டுமே. ஆயினும் கடுமையான மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, முதுகுத்தண்டுக் காயம், ஆழ்ந்த அறிவுசார் குறைபாடு, ஆட்டிசத்தின் தீவிர நிலை ஆகியவற்றோடு வாழ்கிறவர்களுக்கு, உண்பது முதல் உறங்குவது வரை இன்னொருவர் துணை அன்றாடம் தேவைப்படுகிறது. அந்தத் துணையைத் தருகிறவர்கள் யார் என்று பார்த்தால், சிறப்புப் பள்ளி ஆசிரியை, மாற்றுத்திறனாளிகள் இல்லத்து ஆயா, பிசியோதெரபி செய்கிறவர், வாரத்தில் ஒரு நாள் கிராமம் கிராமமாகப் பஸ் ஏறிப் போய், பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்துவரும் சிறப்பாசிரியர், ஏஜென்சி மூலம் வீட்டோடு வந்து தங்கும் ஹோம் நர்ஸ் என்று ஒரு பெருங்கூட்டம் நம் கண் முன்னே வந்து நிற்கிறது. ஹோம் நர்ஸ் என்று அழைக்கப்படுகிறவர்களில் பலர் நர்ஸ் படிப்பே படித்தவர்கள் அல்லர் என்பதும், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அவர்கள் அந்தப் பொறுப்பைத் தனியாகச் சுமக்கிறார்கள் என்பதும் அந்தத் தொழிலை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ ஒரு மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பும் ஆதரவும் உதவியும் அளிக்கிற எவரையும், பெற்றோரையும் குடும்பத்தாரையும் சேர்த்தே, பராமரிப்பாளர் என்று வரையறுக்கிறது. தாயையும் ஆயாவையும் ஒரே வரியில் நிறுத்திய இந்த வரையறையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏனெனில் இருவருடைய கையும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் ஊதியத்துக்காகப் பராமரிப்புத் தொழிலில் ஈடுபட்டிருப்பவர்கள் 38 கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். ஊதியமின்றி வீடுகளில் நடக்கும் பராமரிப்போ, 64 நாடுகளின் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தாலே, நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம். அதிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள் செய்வது. ஆகவே இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பெண்களைப் பற்றியே பேசுகிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வேலையின் உடற்சிரமம் மட்டும் ஓரளவு தெரியும். படுக்கையிலேயே கிடக்கிறவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்கு, உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடாதபடி தலையை நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் இடைவெளி விட்டு, ஒரு கிண்ணம் கஞ்சியை அரை மணி நேரத்துக்கு மேல் ஊட்ட வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். இடுப்பு வலி இல்லாத ஆயாவைக் காண்பது கடினம். ஆனால் இந்த உடலுழைப்பினூடே இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கும் இன்னோர் உழைப்பு எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. பேச இயலாத ஒருவரின் முகக் குறிப்பிலிருந்து அவருக்குப் பசியா, வலியா, பயமா என்று கண்டுபிடிப்பது. கடித்துவிட்ட குழந்தையிடம் கோபம் காட்டாமலிருப்பது. தன் வீட்டில் மகனுக்குக் காய்ச்சல் என்ற கவலையை வாசலிலேயே விட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு உள்ளே வருவது. பெற்றோர் கேட்கும் கேள்விக்கு நம்பிக்கையைக் குலைக்காமலும் பொய் சொல்லாமலும் பதில் சொல்வது: இவையெல்லாம் உழைப்பே. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதிய நூலில், உணர்ச்சிகளை அடக்கியும் வரவழைத்தும் சம்பளத்துக்காகச் செய்யும் இந்தக் காரியத்தையும் ஒரு வகை உழைப்பாகவே கணக்கிட வேண்டும் என்று வாதித்தார். பிரயாணிகளைச் சில மணி நேரம் உபசரிக்கிறவர்களுக்கே இது பொருந்துமானால், ஒரே மனிதரோடு பத்து வருஷம் இரவும் பகலும் இருக்கிறவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த உழைப்பு அளவு மீறும்போது மனத்துக்கு என்ன நேர்கிறது என்பதை முதன்முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர், நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து சிறு வயதில் தப்பி அமெரிக்காவுக்குப் போன ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் போதைப் பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர்களுக்காக நடந்த இலவச மருத்துவ நிலையம் ஒன்றில், பகலெல்லாம் தம் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் போய்த் தொண்டு செய்து வந்த அவர், மிகுந்த ஆர்வத்தோடு வந்து சேரும் தொண்டர்கள் சில மாதங்களில் சோர்ந்து, சிடுசிடுத்து, யாரிடமும் பற்றில்லாதவர்களாக மாறிவிடுவதைக் கண்டார். அந்த மாற்றத்தைத் தம்மிடமும் கண்டார். அதனை 1974-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பர்ன்அவுட் என்று அவர் குறித்த அந்தப் பணிச்சோர்வை, பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் சூசன் ஜாக்ஸன் என்பவரோடு சேர்ந்து 1981-இல் அளவிடத்தக்க மூன்று கூறுகளாகப் பிரித்தார். முதலாவது, உணர்ச்சிகள் வற்றிப் போன ஆயாசம்; இரண்டாவது, எதிரே இருப்பவரை மனிதராக அன்றி ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்கும் விலகல்; மூன்றாவது, தான் செய்வதில் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பகுப்புப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு இந்தப் பணிச்சோர்வைக் குறிப்பிடுகிறது. ஆனால் அதனை வியாதி என்று சொல்லாமல், வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத நீடித்த மன அழுத்தத்தின் விளைவு என்றே குறிப்பிடுகிறது. குற்றம் வேலையின் ஏற்பாட்டில் இருக்கும்போது, வேலை செய்கிறவரை மட்டும் நோயாளியாக்கி மருந்து கொடுத்துப் பயனில்லை என்பது இதன் உட்பொருள்.

மாஸ்லாக் சொன்ன மூன்றில் இரண்டாவதே மிகவும் கவனிக்கத்தக்கது. ஆயாசத்தைச் சுமப்பவர் பணியாளர். விலகலின் பலனைச் சுமப்பவரோ, அவரை நம்பிக் கட்டிலில் படுத்திருப்பவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவந்தவர் அறை எண்ணைச் சொல்லத் தொடங்குவதும், ஊட்டும்போது பேசிக்கொண்டிருந்தவர் மௌனமாக ஸ்பூனை மட்டும் வாயில் வைப்பதும், குளிப்பாட்டும்போது மறைவுக்காகத் துணி போர்த்துவதை விட்டுவிடுவதும் இந்த விலகலின் ஆரம்பக் குறிகள். இவற்றோடு உறக்கம் வராமை, காரணமற்ற தலைவலி, வேலைக்குப் புறப்படும்போது வயிற்றைக் கலக்குவது, சிறு சொல்லுக்கும் அழுகை வருவது ஆகியவை சேர்ந்துகொள்ளும். இல்லங்களில் நடக்கும் அலட்சியத்துக்கும் கடுமைக்கும் பின்னால் கெட்ட மனிதர்களைத் தேடுவது நம் வழக்கம். அப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை, அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் நல்ல மனிதர் ஒருவர், இடைவெளியின்றி, மாற்று ஆள் இன்றி, பேச ஒருவரும் இன்றி வேலை செய்து செய்து, தாமே அறியாமல் கடுமையானவராக மாறிப் போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றைத் தடுக்கத் தண்டனையால் ஆவதில்லை.

இத்தொழிலில் எவரும் எண்ணிப் பாராத இன்னொரு துக்கமும் உண்டு. டூஷேன் என்ற வகைத் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது; ஓடி விளையாடிய பையன் 12 வயதை ஒட்டி நடக்கும் சக்தியை இழந்து சக்கர நாற்காலிக்கு வருவான்; பிறகு கைகளும், அதன் பிறகு மூச்சும் தளரும். அவனுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியைக்கு, இந்த ஆண்டு அவன் எழுதும் கை அடுத்த ஆண்டு எழுதாது என்பது தெரியும். தெரிந்தும் இன்றைய பாடத்தை உற்சாகத்தோடு நடத்த வேண்டும். ஒரு நாள் அவன் வருவது நின்றுவிட்டால், வீட்டார் அழுவதற்கு ஊரே கூடுகிறது. ஆசிரியைக்கோ அடுத்த நாள் அதே வகுப்பு, அவன் இடத்தில் புதிய குழந்தை. உறவுமுறை இல்லாததனால் அழுவதற்குரிய அந்தஸ்து மறுக்கப்படும் இத்தகைய துக்கத்தைக் கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-இல் விரிவாக ஆராய்ந்தார். வெளியே வர வழியில்லாத துக்கம் உள்ளேயே தங்கி, மரத்துப்போன மனமாக மாறுகிறது. அதைப் பார்க்கிறவர்கள் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் மாற்றுத்திறனாளிகளே என்று எண்ணிவிடுவது பெரும் பிழை. ராபர்ட் காரசெக் என்ற ஆராய்ச்சியாளர் 1979-இல் வெளியிட்ட கொள்கை இவ்விடத்தில் உதவுகிறது. வேலை கடினமாக இருப்பது மட்டும் மனத்தைக் கெடுப்பதில்லை. கடினமான வேலையில், அதனை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் தனக்கு இல்லாதிருப்பதே கெடுக்கிறது என்பது அவர் கண்ட முடிவின் சாரம். ஓர் இல்லத்தில் பன்னிரண்டு பேரை ஒரு மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது. யாரை முதலில் குளிப்பாட்டினால் யார் அமைதியாக இருப்பார்கள் என்பது ஆயாவுக்குத் தெரியும். ஆனால் அட்டவணை எழுதும்போது அவரை யாரும் கேட்பதில்லை. ஜோஹானஸ் ஜீக்ரிஸ்ட் என்பவர் 1996-இல் இதனோடு மற்றொன்றைச் சேர்த்தார்: கொட்டிய உழைப்புக்கும் கிடைத்த பலனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளோடு இணைந்து பணியாற்றும் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக இருந்துகொண்டு பணி நிரந்தரம் கேட்டுப் போராடி வருவதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். அடுத்த வருஷம் வேலை உண்டா என்ற நிச்சயமின்மை, எந்த மனப்பயிற்சியாலும் கரையாத கவலை.

பணத்தால் கொடுக்க வேண்டியதைப் புகழால் கொடுத்துவிடுகிற வழக்கம் இதற்கெல்லாம் திரையாக அமைந்துவிடுகிறது. ‘நீங்கள் தெய்வம்’, ‘இந்தப் பொறுமை யாருக்கு வரும்’, ‘கோடி புண்ணியம்’ என்று வந்து பார்க்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய மனத்தில் கபடமில்லை; ஆனால் அந்தச் சொற்கள் செய்யும் காரியம் வேறு. தெய்வத்துக்குக் களைப்பு வரக்கூடாது. தெய்வம் லீவு கேட்கக்கூடாது. கடித்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்லக்கூடாது. ஒரு பணியாளர் தம் களைப்பை வெளியே சொன்னால், உடனே அவருடைய அன்பின் மீதே சந்தேகம் எழுகிறது. பிறரைவிட முன்னதாக அவருக்கே எழுகிறது. மாதம் முழுவதும் அன்போடு வேலை செய்துவிட்டு ஒரு நாள் எரிச்சல் வந்ததற்காகத் தம்மைப் பாவியாக எண்ணிக்கொள்ளும் பெண்கள் இத்தொழிலில் ஏராளம். தியாகம் என்ற பீடத்தில் ஏற்றி வைக்கப்பட்டவருக்கு இறங்கி வந்து உட்கார இடமில்லாமல் போகிறது. அவர் தொழிலாளி, திறமை வாய்ந்த தொழிலாளி, ஆகையால் அவருக்கு வேலை நேரமும் ஓய்வும் உதவியும் உரிமையாக வேண்டும் என்று சொன்னால் சேவையின் மகிமை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள், அந்த மகிமைக்கான செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சில நிர்வாகங்கள் இதற்கு எளிய பரிகாரமாக, ‘ஒட்டுதல் வைக்காதே, வேலையை மட்டும் பார்’ என்று உபதேசம் செய்வதுண்டு. அது பயன்படுமா என்பதற்கு விடை பழைய ஆராய்ச்சி ஒன்றில் இருக்கிறது. லண்டன் மாநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நர்ஸ்களிடையே இஸபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் செய்த ஆராய்ச்சி 1960-ஐ ஒட்டி வெளிவந்தது. நோயாளிகளோடு நெருக்கம் ஏற்பட்டால் நர்ஸ்களுக்குத் துன்பம் வரும் என்று கருதி, அங்கே வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒருத்தி எல்லோருக்கும் உஷ்ணம் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பாள். அடிக்கடி வார்டு மாற்றுவார்கள். நோயாளியைப் பெயரால் குறிக்காமல் படுக்கை எண்ணாலும் உறுப்பின் பெயராலும் குறிப்பார்கள். துன்பம் குறைந்ததா என்றால், பயிற்சிக்கு வந்த மாணவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே போய்விட்டார்கள்; போனவர்களில் நல்ல திறமைசாலிகளும் இருந்தார்கள். ஒரு மனிதரை முழுமையாகக் கவனித்து அவர் தேறுவதைக் காணும் திருப்தியை அந்த ஏற்பாடு பறித்துவிட்டதேயொழிய, கவலையைப் பறிக்கவில்லை. இத்தொழிலில் மனத்தைக் கெடுப்பது நெருக்கம் அன்று என்பதற்கும், நெருக்கத்தைத் தாங்கிக்கொள்ள உதவி கிடைக்காமையே கெடுக்கிறது என்பதற்கும் இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

அந்த உதவி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? முதலில் வருவது ஓய்வு. இதில் தத்துவம் எதுவும் இல்லை; எண்ணிக்கை மட்டுமே உண்டு. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், இரவு முழுவதும் விழித்தவர் மறுநாள் பகலில் தூங்க முடிகிறதா, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்மையிலேயே கிடைக்கிறதா, ஒருவர் வராதபோது அவர் வேலையைச் செய்ய மாற்று ஆள் இருக்கிறாரா, தூக்கி மாற்றும் முறையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களா, கனத்தவர்களைத் தூக்க இரண்டாம் ஆளோ கருவியோ உண்டா என்ற கேள்விகளுக்கு நல்ல பதில் இல்லாத இடத்தில் மற்ற யோசனைகள் எல்லாம் வீண். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் வேலையிடத்து மனநலம் பற்றி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தனி மனிதருக்கான பயிற்சிகளோடு, வேலையின் அமைப்பையே சீர்திருத்துவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. யோகாசனமும் தியானமும் நல்லவையே; பதினாறு மணி நேரம் வேலை வாங்கிவிட்டுப் பதினேழாவது மணி நேரத்தில் தியான வகுப்புக்கு வரச் சொல்வது மட்டும் நல்லதன்று.

இரண்டாவது, பேச்சு. நம் ஸ்தாபனங்களில் மேற்பார்வை என்றால் குறை கண்டுபிடிப்பது என்று அர்த்தமாகிவிட்டது. மனநலத் தொழிலில் பயின்றுவரும் மேற்பார்வை முறை வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், வேலை நேரத்துக்குள்ளேயே, அனுபவசாலி ஒருவரோடு நாலைந்து பேர் உட்கார்ந்து, அந்த நாட்களில் தங்களை மிகவும் கலக்கிய ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்கிறார்கள். அப்போது என்ன தோன்றிற்று, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று பேசுகிறார்கள். அங்கே சொன்னது சம்பளத்துக்கோ பதவிக்கோ எதிராகப் பிரயோகிக்கப்படாது என்ற வாக்குறுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் ‘ஒன்றும் பிரச்னை இல்லை, மேடம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அடிபட்டோ கடிபட்டோ ஒருவர் நிலை குலைந்திருந்தால், உடனே இன்னொருவர் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டு அவரை வெளியே அனுப்பி, காயத்துக்கு மருந்து போட்டு, ஒரு டம்ளர் காபி கொடுத்துக் கேட்டறிவதும், பதிவேட்டில் யார் தவறு என்று எழுதுவதைவிட அதற்குமுன் என்ன நடந்தது என்று எழுதுவதும் இதைச் சேர்ந்தவை. இல்லத்தில் ஒருவர் இறந்துபோனால், பணியாளர்களும் துக்கத்தில் கலந்துகொள்ளவும் அவரைப் பற்றிப் பேசவும் ஒரு வேளை ஒதுக்குவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று.

மூன்றாவது, அறிவு. விளங்காத செய்கைதான் அதிகமாகப் பயமுறுத்துகிறது. பேச இயலாத இளைஞன் ஒருவன் திடீரென்று தன்னையும் பிறரையும் அடிக்கத் தொடங்கினால், அவனுக்குப் பல்வலியோ, காதில் சீழோ, பல நாள் மலச்சிக்கலோ இருக்கலாம். மிக்ஸி ஓடும் சத்தம் தாங்காமல் இருக்கலாம். தினமும் வருகிற ஆயா வராததால் இருக்கலாம். ஒவ்வொரு செய்கையும் ஏதோ ஒன்றைச் சொல்ல முயல்கிறது என்று கற்றுக்கொண்டவருக்கு, அடி விழுந்தாலும் அது தன் மீது உள்ள பகையாகத் தோன்றுவதில்லை. படங்களைக் காட்டியும் சைகையாலும் கருவியாலும் கருத்தைப் பரிமாறிக்கொள்ளும் முறைகளை அந்த இளைஞனுக்குக் கற்றுக்கொடுத்தால், அடிக்க வேண்டிய தேவையே குறைகிறது. அவனுக்குச் செய்த உபகாரமும் பணியாளருக்குச் செய்த உபகாரமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் இத்துறைக்கான படிப்புகளும் பயிற்சிகளும் நடைபெறுகின்றன; அவை ஆயாக்கள்வரை எட்ட வேண்டும்.

வீட்டிலிருக்கும் பராமரிப்பாளரை, பெரும்பாலும் தாயை, இந்த வரிசையிலிருந்து விலக்கிவிடக் கூடாது. அவளுக்கு வேலை நேரம் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. ‘எனக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வி மட்டும் உண்டு. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, குடும்பத்தார் சிறிது காலம் இளைப்பாறும்படி அவர்களைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் ‘சமர்த்’ என்ற திட்டத்தையும், பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் ‘சஹயோகி’ என்ற திட்டத்தையும் வகுத்தது. அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதற்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் செய்திருக்கிறது. பகல் நேரப் பராமரிப்பு மையம் ஒன்று பக்கத்தில் இருந்தால், அந்தச் சில மணி நேரத்தில் தாய் ஒரு வேலைக்குப் போகலாம், டாக்டரிடம் தன் உடம்பைக் காட்டலாம், ஒன்றும் செய்யாமல் தூங்கவும் செய்யலாம். பிள்ளையை விட்டுவிட்டுத் தூங்கினாள் என்று உறவினர் பேசாதிருப்பதும் ஒரு பராமரிப்பே.

பணியாளரின் உரிமையைப் பேசினால் மாற்றுத்திறனாளியின் நலம் குறைந்துவிடுமோ என்று சிலர் ஐயுறுவார்கள். இதற்கு மாற்றுத்திறனாளிகளே பதில் சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரும்பு நுரையீரல் என்ற கருவிக்குள் உறங்கியபடியே கலிஃபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் படித்த எட் ராபர்ட்ஸ் முதலானோர், 1972-இல் அந்த நகரத்தில் சுதந்திர வாழ்வுக்கான மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். தமக்கு வேண்டியது இரக்கமுள்ள காவலர் அல்லர், தாம் சொல்கிறபடி உதவி செய்யும் ஊதியம் பெறும் உதவியாளர் என்பது அவர்களுடைய கொள்கை. உதவியாளர் தொழிலாளியாகக் கருதப்பட்ட இடத்தில், உதவி பெறுபவரும் அருளுக்குக் காத்திருப்பவராக இன்றி உரிமை உடையவராகிறார். அதே கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள் ஏறத்தாழ 74,000 பேர் 1999-இல் வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தபோது, அந்த ஏற்பாட்டுக்கு வழி செய்தவர்களில் மாற்றுத்திறனாளிகளின் இயக்கத்தாரும் இருந்தார்கள். குறைந்த சம்பளத்தால் மாதத்துக்கு ஒருவராக ஆள் மாறிக்கொண்டேயிருந்தால் பாதிக்கப்படுகிறவர்கள் தாங்களே என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

சோர்வு சோர்வாகவே நில்லாமல் நோயாக முற்றுவதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டே கிடந்தாலும், எதிலும் நாட்டமில்லாமல் போனாலும், உறக்கமும் பசியும் கெட்டாலும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினாலும், அதனைப் பொறுத்துக்கொள்வது பெருமை அன்று. மனநல மருத்துவரை அணுகுவதே முறை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. வேலை போய்விடுமோ என்று அஞ்சித் தயங்குகிற பணியாளர்களிடம் இதனை எடுத்துச் சொல்வது நிர்வாகிகளின் கடமை.

வீட்டில் ஆள் வைத்துக்கொள்கிறவர்களுக்கும் கடமை உண்டு. வீட்டு வேலை செய்கிறவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2007-இல் நல வாரியம் அமைந்தது. ஆனால் கதவுக்குப் பின்னே என்ன நடக்கிறது என்பதை எந்த வாரியமும் பார்ப்பதில்லை. பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணைப் பாத்திரம் தேய்க்கவும் சொல்வது, நோயாளியின் கட்டிலடியில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டு இரவு ஓய்வெடுத்ததாகக் கணக்கிடுவது, போனில் தன் பிள்ளைகளோடு பேசினால் முகம் சுளிப்பது ஆகியவை நல்ல குடும்பங்களிலேயே நடக்கின்றன. வேலை இன்னது, நேரம் இவ்வளவு, விடுமுறை இந்தக் கிழமை, அன்று வீட்டார் யார் பார்த்துக்கொள்வது என்று முதல் நாளே பேசி எழுதிக்கொண்டால், இரு தரப்பாரின் மனமும் தெளிவாக இருக்கும்.

பிறந்த நாளுக்கும் முன்னோர் திதிக்கும் இல்லங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்பது நம்மவர்களிடையே பரவியிருக்கும் நல்ல வழக்கம். அன்றைக்குக் கேக்கும் பிரியாணியும் வருகின்றன, படம் எடுக்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள். கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்காத குழந்தைகள் கலங்கிப் போகிறார்கள். வந்தவர்கள் விடைபெற்ற பிறகு அவர்களை அமைதிப்படுத்துவதும் இலை எடுப்பதும் ஆயாக்களின் வேலையாக முடிகிறது. அந்தச் செலவில் ஒரு பகுதியை, பயிற்சி பெற்ற மாற்றுப் பணியாளர் ஒருவரின் சம்பளத்துக்கென்று குறிப்பிட்டு நிர்வாகத்திடம் கொடுத்தால், அந்த மாதத்தில் சில ஆயாக்கள் மனக்குறையின்றி ஒரு நாள் வீட்டுக்குப் போய் வருவார்கள். திரும்பி வரும்போது கட்டிலில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர்களுக்குத் தெம்பு இருக்கும். அன்னதானத்துக்கு உள்ள புண்ணியம் இந்தத் தானத்துக்கும் உண்டு. இதற்குக் கொடுப்பவர்கள் இன்னும் குறைவு என்பதால், கொடுக்க நினைப்பவர்களுக்கு இடமும் நிறைய இருக்கிறது.